பகல் வெளிச்சத்தில் பட்டாணிக்குருவியைப் பிடித்த சிற்றாந்தை: அதன் வேட்டை முறை பற்றிய சில கேள்விகள்

பனிவெளி:

வணக்கம். ஒஸ்லோவுக்கு வடக்கே, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். குளிர்காலம் முழுவதும் வீட்டின் பின்புறத்தில் சூரியகாந்தி விதைகளையும் கொழுப்பு உருண்டைகளையும் பறவைகளுக்காகத் தொங்கவிடுவது வழக்கம். பெரிய பட்டாணிக்குருவிகளும் நீலப் பட்டாணிக்குருவிகளும் நாள் முழுவதும் வந்துபோகின்றன. காட்டுக்குள்ளிருந்து வில்லோ பட்டாணிக்குருவிகளும், மரத்தண்டில் ஏறி இறங்கும் பசையெடுப்பான் குருவிகளும் இடையிடையே வருகின்றன.

சென்ற வாரம் ஒரு முற்பகலில், நன்றாக வெளிச்சம் இருந்த வேளையில், தீனித் தட்டுக்கு அருகே நிற்கும் பிர்ச் மரத்திலிருந்து ஒரு சிறிய பழுப்புநிறப் பறவை பாய்ந்து இறங்கி, விதையை உடைத்துக்கொண்டிருந்த பெரிய பட்டாணிக்குருவி ஒன்றைப் பனியின் மேல் அமுக்கியது. குருவி வல்லூறு இவ்வாறு வேட்டையாடுவதை முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பறவை தலையைத் திருப்பியபோது வட்டத் தலையும் மஞ்சள் கண்களும் வெள்ளைப் புருவமும் தெளிவாகத் தெரிந்தன. நம் ஊர் மைனாவை விடவும் சிறிய உருவம். ஆயினும் ஆந்தை என்பதில் ஐயமில்லை. சற்று நேரம் இரையின் மேலேயே நின்றுவிட்டு, அதைக் காலில் பற்றியபடி தாழப் பறந்து காட்டுக்குள் சென்றுவிட்டது. மறுநாள் அதே பறவை ஸ்புரூஸ் மரத்தின் உச்சியில் வந்து அமர்ந்தபோது, பட்டாணிக்குருவிகள் ஓடி ஒளிவதற்கு மாறாக அதைச் சுற்றிக் கூடிக்கொண்டு நெடுநேரம் கத்தின.

ஆந்தை என்றால் இரவில் எலி பிடிக்கும் பறவை என்றே படித்து வளர்ந்தவன் நான். ஆகவே அறிந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். இது எந்த ஆந்தை? இவ்வளவு சிறிய ஆந்தை, பறந்து தப்பக்கூடிய பறவைகளைப் பகலில் எப்படிப் பிடிக்கிறது? குருவிகள் தம்மைக் கொல்லும் பறவையின் அருகிலேயே போய்க் கத்துவது ஏன்? எங்கள் மகள் அந்தக் குருவிகளுக்கு நாள்தோறும் தீனி வைப்பவள். அவள் மிகவும் மனம் நொந்துவிட்டாள். ஆந்தையை விரட்டலாமா அல்லது தீனி வைப்பதை நிறுத்திவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

கரும்பைன்:

வணக்கம் பனிவெளி. நான் பின்லாந்தின் மேற்குப் பகுதியில் வசிக்கிறேன். இங்கே காடுகளில் தொங்கவிடப்பட்டிருக்கும் கூட்டுப்பெட்டிகளைப் பார்வையிடும் தன்னார்வலர்களில் ஒருவன். நீங்கள் பார்த்தது யூரேசியப் பிக்மி ஆந்தை. அறிவியல் பெயர் கிளௌசிடியம் பாஸ்ஸெரினம். ஐரோப்பாவின் ஆந்தைகளில் இதுவே மிகச் சிறியது. நீளம் 15 முதல் 19 செ.மீ. வரை, ஆணின் எடை ஏறத்தாழ 60 கிராம், பெண் அதைவிடச் சற்றுக் கூடுதல். நோர்வேயிலிருந்து சைபீரியாவைக் கடந்து ரஷ்யாவின் தூரகிழக்கு வரையுள்ள ஊசியிலைக் காடுகளிலும், ஆல்ப்ஸ் போன்ற மலைக்காடுகளிலும் இது வாழ்கிறது. உங்கள் பட்டாணிக்குருவி 16 முதல் 20 கிராம் வரை இருக்கும். இந்த ஆந்தையோ தன் எடைக்கு நிகரான பறவையையும் வீழ்த்தக்கூடியது.

இரவு ஆந்தைகளைப் பற்றி நாம் படித்த பாடத்தை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. கூகையின் முகத்தில் தட்டுபோல் விரிந்திருக்கும் இறகு வட்டம் ஒலியைக் காதுகளுக்குக் குவித்துத் தருகிறது. அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால், இருளில் எழும் சிறு சரசரப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அது துல்லியமாகக் கணிக்கிறது. பிக்மி ஆந்தைக்கு அந்த முகவட்டம் மிகவும் மங்கலாகவே அமைந்திருக்கிறது, காதுகளும் சமச்சீரானவை. இறக்கையின் முன்விளிம்பில் ஓசையை அடக்கும் சீப்புப் போன்ற அமைப்பும் நன்கு வளராததால், அது பறக்கும்போது அருகில் நிற்பவருக்குச் சிறகொலி கேட்கிறது. இவையெல்லாம் குறைபாடுகள்போலத் தோன்றலாம். ஆனால் இது கண்ணால் வேட்டையாடும் பறவை. விடியலையும் அந்தியையும் ஒட்டிய நேரங்களில் மிகவும் சுறுசுறுப்பாக இயங்கும். குளிர்காலத்தில் பகல் குறுகிவிடுவதாலும் பசி மிகுவதாலும் நண்பகலிலும் வேட்டையாடும். நடு இரவில் இது அடங்கிவிடுகிறது. இருட்டிய பின் வெளிவரும் தெங்மால்ம் ஆந்தையும் யூரல் ஆந்தையும் இதையே பிடித்துத் தின்னக்கூடியவை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனி, பறவையை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு வருகிறேன். குருவி வல்லூறு வேலிகளையும் மரங்களையும் மறைவாகக் கொண்டு வேகமாகப் பறந்து வந்து, தப்பி ஓடும் குருவியைத் துரத்தியும் பிடிக்கும். பிக்மி ஆந்தை அவ்வாறு நெடுந்தூரம் துரத்துவதில்லை. மரவுச்சியிலோ கிளை நுனியிலோ அமர்ந்து சுற்றிலும் பார்க்கும். ஓரிடத்தில் வாய்ப்பு அமையாவிட்டால் சிறிது தொலைவு பறந்து வேறோரிடத்தில் அமரும். கிளர்ச்சியுற்றிருக்கும்போது அதன் வால் பக்கவாட்டில் வெட்டிவெட்டி அசைவதைக் காணலாம். குருவிகளின் கவனம் வேறெதிலோ இருக்கும் கணத்தில், மிகக் குறுகிய தொலைவிலிருந்து, பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிப் பாயும். இரை அந்த முதற்பாய்ச்சலில் தப்பிவிட்டால் வேட்டை அநேகமாக அத்துடன் முடிந்துவிடும். சிறிய உடலும் குட்டையான இறக்கைகளும் இங்கேதான் துணை செய்கின்றன: பெரிய ஆந்தையோ பெரிய வல்லூறோ நுழைய முடியாத அடர்ந்த கிளைகளுக்குள் இது தடையின்றி நுழைந்து வெளிவரும். உடலோடு ஒப்பிடும்போது அதன் கால்கள் வலிமையானவை. பாதத்தில் பற்றிய இரையின் பின்தலையைக் கடித்து விரைவில் கொன்றுவிடுகிறது.

இது பறவைகளை மட்டும் தின்று வாழ்வதில்லை. குட்டைவால் வயலெலியான வோல் எலிதான் இதன் தலையாய இரை. அந்த எலிகளின் தொகை இந்த நாடுகளில் ஏறத்தாழ மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிகிறது. எலி மிகுந்த ஆண்டில் பறவைகளை அவ்வளவாக நாடாத ஆந்தை, எலி அருகிய ஆண்டில் பட்டாணிக்குருவிகள் பக்கம் திரும்புகிறது. பனி ஆழமாக மூடி, எலிகள் அதன் அடியில் நடமாடத் தொடங்கினாலும் அதே நிலைதான். அத்தகைய நாட்களில்தான் இந்த ஆந்தைகள் காட்டை விட்டு வீடுகளருகே வருகின்றன. குருவிகள் ஒரே இடத்தில் கூடும் தீனித் தட்டைக் கண்டுகொள்ள அவற்றுக்கு நெடுநேரம் ஆவதில்லை. கோடையில் நிலைமை வேறு. அப்போது கூட்டை விட்டுப் புதிதாக வெளிவந்த, பறப்பதில் தேறாத குஞ்சுகள் பெருமளவில் இரையாகின்றன.

குருவிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுவீடனிலும் பின்லாந்திலும் ஊசியிலைக் காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் பட்டாணிக்குருவிகளுக்கு இந்த ஆந்தையே மிக முக்கியமான எதிரி. ஒரு மரத்தின் எந்தப் பகுதியில் இரை தேடுவது என்பதைக்கூட இந்த அச்சம்தான் தீர்மானிக்கிறது. தண்டை ஒட்டிய உட்கிளைகளில் மறைவு உண்டு. வெளிக்கிளை நுனிகளில் இல்லை. கூட்டத்தில் மூத்த, வலிய குருவிகள் பாதுகாப்பான உட்பகுதிகளைத் தமதாக்கிக்கொள்ள, இளையவையும் சிறிய இனங்களும் வெளிப்புறத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஐந்தாறு கிராமே எடையுள்ள கோல்ட்கிரெஸ்ட் குருவி அந்த நுனிகளிலேயே நாளெல்லாம் இரை தேட வேண்டியிருக்கிறது. ஒரு குளிர்கால இரவைத் தாண்டுவதற்கான கொழுப்பை அன்றன்றைய பகலிலேயே சேர்த்தாக வேண்டிய உயிர்கள் இவை. ஆகவே ஆந்தை இருக்கிறது என்று தெரிந்தாலும் தின்னாமல் இருக்க இயலாது. உங்கள் மகளுக்கு இதை விளக்கிச் சொன்னால் அவள் புரிந்துகொள்வாள் என்று நம்புகிறேன்.

தெளிவோடை:

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீனி வைப்பதை உடனே நிறுத்திவிடுங்கள். நாமே குருவிகளை ஓரிடத்தில் கூட்டிவைத்து ஆந்தைக்குக் காட்டிக்கொடுப்பது முறையன்று. தட்டு இல்லையென்றால் குருவிகள் காட்டில் சிதறிப் பரவி, அவற்றுக்கான ஆபத்தும் குறையும்.

மலைச்சரிவு:

தெளிவோடை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருத்தை ஏற்க முடியவில்லை. குருவி காட்டுக்குத் திரும்பினாலும் ஆந்தையும் காட்டில்தான் இருக்கிறது. கடும் குளிர்காலத்தின் நடுவில், பல வாரங்களாகப் பழகிய உணவை ஒரே நாளில் நிறுத்துவது குருவிகளுக்கு ஆந்தையைக் காட்டிலும் பெருந்தீங்காகலாம். மேலும், தட்டைச் சுற்றிப் பல கண்கள் இருப்பதால் ஆந்தையை எவையேனும் முன்கூட்டியே கண்டுவிடும் வாய்ப்பும் உண்டு. பனிவெளி கேட்ட மூன்றாவது கேள்விக்கான விடை இதோடு தொடர்புடையது என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் வசிக்கிறேன். எங்கள் மலைக்காடுகளில் இந்த ஆந்தையின் நெருங்கிய உறவான வடக்குப் பிக்மி ஆந்தை இருக்கிறது. அதன் எடையும் 60, 70 கிராம்தான். ஆயினும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள கலிபோர்னியக் காடையையும் அது கொன்றதாகப் பதிவுகள் உண்டு. இங்கே பட்டாணிக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த கருந்தொப்பிச் சிக்கடி என்னும் குருவி மிகுதியாக உண்டு. அதன் எச்சரிக்கைக் குரல் ‘சிக்-எ-டீ’ என்று ஒலிப்பதனாலேயே அந்தப் பெயர் வந்தது.

கிறிஸ்டோபர் டெம்பிள்டன், எரிக் கிரீன், கேட் டேவிஸ் ஆகிய மூவரும் இந்தக் குரலை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய திறந்தவெளிக் கூண்டில் வைத்த சிக்கடிகளுக்கு, உருவில் வேறுபட்ட உயிருள்ள வேட்டைப் பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவை எழுப்பிய குரல்களைப் பதிவுசெய்து பகுத்துப் பார்த்தார்கள். பெரிய கொம்பன் ஆந்தையைக் கண்டபோது குரலின் இறுதியில் வரும் ‘டீ’ அசைகள் குறைவாகவே இருந்தன. பிக்மி ஆந்தையைக் கண்டபோதோ அவற்றின் எண்ணிக்கை கூடியது. ஒருமுறை ஒரே குரலில் 23 ‘டீ’ வரை எழுந்தது. காரணம் எளிது: கொம்பன் ஆந்தையின் பெரிய உடல் கிளைகளுக்கிடையே சிக்கடியைத் துரத்திப் பிடிக்க ஏற்றதன்று, பிக்மி ஆந்தைதான் சிக்கடியைப் போலவே வளைந்து திரும்பும் திறன் கொண்டது. குருவிக்கு ஆபத்து வேட்டையாளியின் பருமனில் இல்லை, அதன் லாவகத்தில் இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் குருவிகள் அறிந்திருப்பதோடு, தம் கூட்டத்துக்கு அறிவிக்கவும் செய்கின்றன. பறவைகளின் குரலைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிட வியப்பளித்தது வேறில்லை.

டெம்பிள்டனும் கிரீனும் 2007-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், செம்மார்புப் பசையெடுப்பான்களுக்குச் சிக்கடியின் குரல்களை ஒலிபெருக்கியில் கேட்கவைத்தார்கள். எந்த ஆந்தையையும் கண்ணால் காணாமலேயே, பிக்மி ஆந்தைக்கான எச்சரிக்கையைக் கேட்ட பசையெடுப்பான்கள் கொம்பன் ஆந்தைக்கான எச்சரிக்கையைக் கேட்டவற்றைவிட மிகுந்த தீவிரத்துடன் திரண்டன. ஆகவே உங்கள் தட்டுக்கு வரும் பசையெடுப்பான்களும் பட்டாணிக்குருவிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டே திரள்கின்றன என்று எண்ண இடமிருக்கிறது.

இவ்வாறு சூழ்ந்து கத்துவதால் குருவிகளுக்குக் கிடைக்கும் பயன், ஆந்தையின் வேட்டை முறையை நினைத்துப் பார்த்தாலே விளங்கும். எதிர்பாராத் தாக்குதலை மட்டுமே நம்பி வாழும் வேட்டையாளிக்கு, தான் இருக்குமிடம் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அங்கே வேலையில்லை. அது பல நேரங்களில் எழுந்து வேறிடம் செல்கிறது. கூட்டத்தின் இளங்குருவிகளும், எந்த உருவத்துக்கு அஞ்ச வேண்டும் என்பதை இத்தகைய நிகழ்வுகளிலிருந்து கற்றுக்கொள்கின்றன. அதே நேரம் இது ஆபத்தில்லாத செயலன்று. மிக நெருங்கி வந்த குருவி ஆந்தையின் காலில் அகப்படவும் கூடும்.

அடுத்தமுறை உங்கள் ஆந்தை முதுகு காட்டி அமரும்போது அதன் பின்தலையைக் கவனியுங்கள். வெள்ளை விளிம்பிட்ட இரு கரும்புள்ளிகள், பின்னாலும் இரு கண்கள் இருப்பது போன்ற தோற்றத்தைத் தரும். இந்தப் பொய்க்கண்களின் பயனைக் கண்டறிய மொண்டானாவில் மரத்தாலான ஆந்தை உருவங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2003-இல் வெளியாயிற்று. பொய்க்கண் உள்ள உருவத்தையும் அது இல்லாத உருவத்தையும் சூழ்ந்த குருவிகளின் நடத்தை வேறுபட்டிருந்தது. தன்னைச் சூழும் கூட்டம் பின்னாலிருந்து தாக்குவதைத் தடுக்க இப்புள்ளிகள் உதவுகின்றன என்னும் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெரிய வல்லூறுகள் முதுகுப்புறத்திலிருந்து அணுகுவதையும் அவை தடுக்கக்கூடும்.

குறிஞ்சித்தேன்:

வால்பாறையிலிருந்து ஒரு சிறு செய்தி. எங்கள் காடுகளில் பொய்க்கண் கொண்ட பிக்மி ஆந்தை இல்லை. கழுத்தில் அத்தகைய புள்ளிகளையுடைய வளைய ஆந்தையைக் காண இமயமலைப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ஆனால் இங்கே அதற்கு உறவான, உடலெங்கும் நெருக்கமான கோடுகளுள்ள காட்டுச் சிற்றாந்தை பரவலாக இருக்கிறது. 20 செ.மீ. நீளமுள்ள இந்த ஆந்தை பெரும்பாலும் வெட்டுக்கிளி, வண்டு, பல்லி போன்றவற்றைத் தின்கிறது. சிறு பறவைகளையும் பிடிக்கும். பகலில் அது ஒருமுறை குரல் கொடுத்துவிட்டால் போதும், கொண்டைக்குருவிகளும் பச்சைச் சிட்டுகளும் தேன்சிட்டுகளும் வந்து சூழ்ந்துகொள்கின்றன. பூச்சியையே மிகுதியாகத் தின்னும் ஆந்தைக்கு இவ்வளவு எதிர்ப்பா என்று கேட்பவர்கள் உண்டு. குருவியின் நிலையிலிருந்து பார்த்தால், எப்போதாவது கொல்லும் எதிரியும் எதிரியே.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிற்றாந்தையின் குரலுக்குக் குருவிகள் திரளும் என்பதை அறிந்த ஒளிப்படக்காரர்கள் சிலர், கைபேசியில் அந்தக் குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டுப் படமெடுக்கிறார்கள். கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் பறவை, இரை தேடும் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியை எதிர்த்துக் கத்திக்கொண்டிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பாவில் பிக்மி ஆந்தையின் சீழ்க்கையைப் போலவே வாயால் ஒலியெழுப்பி, குருவிகள் கலவரமடைகின்றனவா என்று பார்த்து, அந்த ஆந்தை அப்பகுதியில் வாழ்கிறதா என்று கணிக்கும் வழக்கம் இருக்கிறது. அளவோடு, கணக்கெடுப்புக்காகச் செய்தால் அது வேறு. படத்துக்காக நாள்தோறும் செய்வது வேறு.

பனிவெளி:

அனைவருக்கும் மிக்க நன்றி. பின்தலைப் பொய்க்கண்களை என் மகளே இன்று காலை தொலைநோக்கியில் கண்டுபிடித்துக் காட்டினாள். குருவிகள் ‘செய்தி சொல்கின்றன’ என்பதை அறிந்த பிறகு அவளுடைய வருத்தம் ஓரளவு குறைந்து, எந்தக் குருவி முதலில் கத்துகிறது என்று குறிப்பெடுக்கத் தொடங்கியிருக்கிறாள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. காட்டோரத்தில் நாங்கள் தொங்கவிட்ட பழைய கூட்டுப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தபோது, உள்ளே உறைந்துபோன வோல் எலிகள் பலவும், மூஞ்சூறு ஒன்றும், இரண்டு பட்டாணிக்குருவிகளும் அடுக்கிவைத்ததுபோல் கிடந்தன. சில எலிகளுக்குத் தலை இல்லை. இதுவும் அதே ஆந்தையின் வேலையா? பெட்டியைத் துப்புரவு செய்துவிடலாமா? கரும்பைன் அண்ணா விளக்க வேண்டுகிறேன்.

கரும்பைன்:

தயவுசெய்து பெட்டியை இருந்தபடியே மூடிவிடுங்கள். அதுதான் அந்த ஆந்தையின் குளிர்காலக் களஞ்சியம்.

இலையுதிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கத் தொடங்கியதும் பிக்மி ஆந்தை தேவைக்கு மேல் வேட்டையாடி, மரப்பொந்துகளிலும் கூட்டுப்பெட்டிகளிலும் இரையைச் சேர்க்கிறது. ஒரே ஆந்தை பல இடங்களில் இவ்வாறு சேமித்துவைக்கும். தலையை மட்டும் தின்றுவிட்டு உடலை வைத்துச் செல்வதும் உண்டு. உங்கள் நாட்டிலேயே ரோர் சோல்ஹெய்ம் என்னும் ஆய்வாளர் இந்தச் சேமிப்புப் பழக்கத்தையும், குளிர்காலத்தில் எந்த இரையை எவ்வளவு தேர்ந்தெடுக்கிறது என்பதையும், உடனடித் தேவையை மீறிக் கொல்வதையும் பற்றி 1984-இல் கட்டுரை எழுதியிருக்கிறார். ‘தேவையை மீறிக் கொல்வது’ என்றதும் நமக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் 60 கிராம் உடலில் நெடுநாளுக்கான கொழுப்பைச் சேர்த்துவைக்க இடமில்லை. எலிகள் ஆழ்பனிக்கடியில் மறைந்து, பனிப்புயல் நாட்கணக்கில் அடிக்கும்போது இந்த உறைந்த இரைதான் அதைக் காப்பாற்றுகிறது. கல்லாக உறைந்த இரையின் மேல் அமர்ந்து உடற்சூட்டால் இளக்கித் தின்னும் பழக்கம் இதன் அண்டை உறவான தெங்மால்ம் ஆந்தையிடம் நன்கு பதிவாகியிருக்கிறது.

பெட்டியின் துளையையும் அளந்து பாருங்கள். இங்கே பின்லாந்தின் கௌஹாவா பகுதியில் ஆய்வாளர் எர்க்கி கோர்பிமாகியின் குழு 2003 முதல் இத்தகைய களஞ்சியங்களைத் தொடர்ந்து கண்காணித்துவருகிறது. அவர்களுடைய பெட்டிகளின் நுழைவுத் துளை 45 மி.மீ. விட்டமுடையது, முன்பலகையும் தடிமனானது. இந்த ஆந்தை நுழையலாம், பெரிய ஆந்தை நுழைய முடியாது, கையையோ காலையோ விட்டு இரையைத் திருடுவதும் கடினம். இயற்கையில் பெரும்புள்ளி மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்துகள் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே பழைய பொந்து மரங்களை வெட்டிவிடும் காட்டில் இந்த ஆந்தைக்குக் கூடும் இல்லை, களஞ்சியமும் இல்லை.

எனக்குக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. 2003 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு ஜூலியா மாசோவெரோவும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை, இலையுதிர்காலத்தில் மழை நாட்கள் மிகும்போது சேமித்த இரை உறைவதற்கு முன்பே அழுகிவிடும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. இந்த ஆந்தையின் முழுக் குளிர்கால ஏற்பாடும் குளிர் உரிய காலத்தில் வரும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. மழை நீண்டு, உறைபனி தாமதமானால், உழைத்துச் சேர்த்தது பயனற்றுப் போகிறது. பின்பு அது மேலும் வேட்டையாட வேண்டும், அல்லது கெட்டதைத் தின்ன வேண்டும். வீட்டருகே ஓர் ஆந்தை குருவி பிடிப்பதைக் காணும்போது, காட்டுக்குள் அதன் சேமிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆந்தையை விரட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நோர்வேயின் 2009-ஆம் ஆண்டின் இயற்கைப் பன்மைச் சட்டமும் காட்டு விலங்குகளையும் அவற்றின் கூடுகளையும் காக்கிறது. தீனி வைப்பதைத் தொடருங்கள், ஆனால் தட்டின் இடத்தை மாற்றலாம். ஆந்தை அமர்ந்து கீழ்நோக்கிப் பாயத்தக்க பிர்ச் கிளைக்கு நேர் அடியில் தட்டு இருப்பது குருவிகளுக்குப் பாதகமானது. இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் அடர்ந்த ஜூனிப்பர் புதரோ தாழ்ந்த ஸ்புரூஸோ இருக்குமாறு தொங்கவிட்டால், எச்சரிக்கை எழுந்ததும் குருவிகள் உள்ளே பாய்ந்து மறைய வழி கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது உங்கள் வீட்டுச் சன்னல். ஆந்தை பாயும்போது சிதறும் குருவிகள் கண்ணாடியில் மோதி இறக்கின்றன. குருவியின் மேலேயே கண்ணாக வரும் பிக்மி ஆந்தையும் அதே கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டிவையுங்கள். ஓரிரண்டு பருந்து உருவங்களை மட்டும் ஒட்டுவதால் பெரும்பயன் இல்லை. களஞ்சியம் வைத்திருக்கும் ஆந்தைக்கு எலிப்பாடாணமும் பெருங்கேடு, ஏனெனில் நஞ்சுண்ட எலி ஒன்று அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். கொட்டகையில் எலி மிகுந்தால் பொறி வைத்துப் பிடியுங்கள்.

பெட்டியை எப்போது துப்புரவு செய்யலாம் என்ற கேள்விக்கு: வசந்தம் வரை தொடாதீர்கள். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அந்திவேளையில் காட்டோரத்திலிருந்து ஒரே சீராக, சிறு இடைவெளி விட்டு எழும் மெல்லிய சீழ்க்கை கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் ஆண் ஆந்தை அங்கே இடம் பிடித்திருக்கிறது என்று பொருள். அவ்வாறாயின் அந்தப் பெட்டியை அந்த ஆண்டு திறக்கவே வேண்டாம், ஏனெனில் அருகிலுள்ள பொந்தில் அவை முட்டையிட முனையலாம். கேட்காவிட்டால், பனி உருகிய பிறகு கையுறை அணிந்து மிச்சத்தை அகற்றிவிட்டு, அடியில் உலர்ந்த மரத்தூளைப் பரப்பி, செப்டம்பர் முடிவதற்குள் பெட்டியைப் பழைய இடத்திலேயே தொங்கவிடுங்கள்.